பட்டை வாசமும் காட்டுப் பிள்ளைகளும்

போன விடுமுறையில் குடும்பத்தோடு கொச்சி போயிருந்தோம். மட்டாஞ்சேரி ஜூ டவுனில் 1568-இல் கட்டிய யூதப் பள்ளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், தெரு முழுக்க மிளகு, ஏலம், பட்டை வாசம். பையன் ஒரு பட்டையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இது மரத்தோட தோலாப்பா?" என்றான். ஆமாம் என்றேன். "தோலை உரிச்சா மரம் செத்துடாதா?" என்றான். எனக்குத் தேக்கடி ஞாபகம் வந்துவிட்டது.

தோட்டத்துப் பட்டை வேறு. பெரியார் காட்டில் வயணா என்று ஒரு காட்டு மரம் உண்டு. அதைத் திருட்டுத்தனமாக உரித்து விற்ற கும்பல்கள் ஒரு காலத்தில் இருந்தன. வனத்துறை துரத்தும், அவர்கள் ஓடுவார்கள். 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது அந்த ஆட்களையே கூப்பிட்டுப் பேசினார்கள். வழக்குகளைக் கைவிடுகிறோம், நீங்கள் காவலுக்கு வாருங்கள் என்று. உரித்தவர்களுக்குத்தானே காட்டின் குறுக்குப் பாதை எல்லாம் தெரியும்! இன்று சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போவதும், கூடவே ரோந்து பார்ப்பதும் இந்த மாதிரிக் குழுக்கள்தான். மன்னான், பளியர் பழங்குடிகளுக்கும் தனிக் குழுக்கள் உண்டு. பளியர் பேசுவது நம் தமிழ்தான்.

சரி, இதில் என்ன குறை? பணம். சம்பளத்தில் பெரும்பகுதி பயணிகள் தரும் கட்டணத்திலிருந்து வருகிறது. 2004-இல் பெரியார் ஃபவுண்டேஷன் அமைத்து அந்தப் பணத்தை உள்ளூரிலேயே செலவிட வழி செய்தது நல்ல விஷயம். ஆனால் 2020-இல் கொரோனா வந்து எல்லாவற்றையும் பூட்டினார்களே, அப்போது பயணி ஏது, கட்டணம் ஏது? பயணி வராவிட்டாலும் திருடன் வருவான். காடு லீவு எடுத்துக்கொள்ளாது.

நாங்கள் இருக்கும் அமெரிக்காவில் 1933-லிருந்து 1942 வரை சுமார் 30 லட்சம் இளைஞர்களுக்கு அரசே கூலி கொடுத்து மரம் நடவும் பாதை போடவும் வைத்தது. அதிலே பூர்வகுடிகளுக்கென்று தனிப் பிரிவு. 80,000-க்கும் மேற்பட்டோர் தங்கள் நிலத்திலேயே வேலை பார்த்தார்கள். அதே நாட்டில்தான் 2025 ஏப்ரலில் அமெரிகார்ப்ஸ் நிதியில் சுமார் 40 கோடி டாலரை வெட்டி, முகாமில் இருந்த பிள்ளைகளைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆக, அரசுப் பணம் என்றாலும் ஒரு கையெழுத்தில் போய்விடும்.

அதனால் என் கட்சி இதுதான். காட்டுக் காவல் என்பது டிக்கெட் வருமானத்தில் மிஞ்சினால் கொடுக்கும் கூலி இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி மாதிரி பட்ஜெட்டில் நிரந்தரமாக இருக்க வேண்டிய சம்பளம். பழங்குடி இளைஞர்களுக்கென்றே 500 பீட் ஃபாரஸ்ட் ஆபீசர் இடங்களை ஒதுக்கி கேரளா ஆள் எடுத்தது சரியான திசை. அந்தப் பையன்கள் வழிகாட்டியாகவே கிழவனாகாமல் ரேஞ்சராகவும் உயர வழி வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் மேகமலையிலும் இதையே செய்யலாம்.

செலவாகுமே என்பீர்கள். ஆகத்தான் செய்யும். மேகமலையிலும் பெரியாறு அணையிலும் தேங்கும் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தேனி, மதுரைக்காரர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தத் தண்ணீருக்கு யார் காவல் இருந்தார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா?

பட்டையை வாங்காமலேயே வந்துவிட்டோம். பையன் ஒத்துக்கொள்ளவில்லை :-)