ஸ்டேஜ் தெரிந்தால் போதுமா?

மார்பில் கட்டி என்று ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால், சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி: "எத்தனாவது ஸ்டேஜாம்?" சேத்தூரிலும் அதுதான், சென்னையிலும் அதுதான். அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. "ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பார்த்தாச்சா?"

கேட்காத ஜனங்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கோடையில் சேத்தூர் மலையில் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஏக்கர் எரிந்திருக்கிறது என்பதுதான் ஸ்டேஜ். காற்று எந்த வேகத்தில் அடிக்கிறது, எதைச் செய்தால் தீ அடங்கும் என்பதுதான் மார்க்கர். ஏக்கர் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது தீயணைக்கப் போவார்களா?

ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள். இவை இருந்தால் அந்தப் புற்று ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்கிறது என்று அர்த்தம். டமாக்ஸிஃபன் மாத்திரையால் அந்தத் தீனியை நிறுத்தலாம். ஈ.ஆர். உள்ள பெண்கள் ஐந்து வருடம் அதைச் சாப்பிட்டால், இந்த நோயால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஹெர்-2 அதிகமாக இருந்தால் புற்று வேகமாகப் பரவும் என்பதை 1987-ல் டென்னிஸ் ஸ்லாமன் குழு காட்டியது. அதற்கான டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கி-67 என்பது செல்கள் எவ்வளவு சுறுசுறுப்பாகப் பிரிகின்றன என்று காட்டும் எண். முதல் மூன்றும் இல்லாததுதான் 'டிரிப்பிள் நெகட்டிவ்'. முரட்டு ரகம்.

ஸ்டேஜை வகுக்கிற அமெரிக்கக் கூட்டுக்குழுவே 2018-ல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில் இந்த மூன்றையும் ஸ்டேஜ் கணக்குக்குள் சேர்த்துவிட்டது. ஆக, மார்க்கர் பார்க்காமல் சொல்கிற ஸ்டேஜே அரைகுறைதான்!

"இதெல்லாம் பணக்காரர் சமாச்சாரம், மில் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எதற்கு?" என்பார்கள். இதைவிட அபத்தமான வாதம் கிடையாது. டமாக்ஸிஃபன் ஒரு மாத்திரை சில ரூபாய்தான். டிராஸ்டுசுமாபுக்கு இந்தியத் தயாரிப்பு 2014 வாக்கிலேயே கடைக்கு வந்துவிட்டது. 2015-லிருந்து அது நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. மலிவான மாத்திரை யாருக்கு வேலை செய்யும் என்று சொல்கிற சோதனை ஏழைக்குத்தானே அதிகம் தேவை?

சரி, சோதனை செய்தாகிவிட்டது. அந்த ரிப்போர்ட்டை நம்பலாமா? அடுத்த வில்லங்கம் இங்கேதான்.

அறுத்தெடுத்த கட்டியை ஒரு மணி நேரத்துக்குள் பத்து சத ஃபார்மலினில் போட வேண்டும். பெரிய கட்டியென்றால் கீறிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இறங்காது. குறைந்தது 6 மணி, அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். சேத்தூரிலிருந்து மதுரை 90 கிலோமீட்டர் வாக்கில். சின்ன டப்பாவில் திணித்து, ஃபார்மலினைக் கஞ்சத்தனமாக ஊற்றி, மஞ்சப்பையில் போட்டு பஸ்ஸில் அனுப்பினால் என்ன ஆகும்? ஏற்பி சிதைந்துபோகும். ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வரும். அந்தப் பெண்ணுக்கு மாத்திரையே எழுத மாட்டார்கள்.

கற்பனை இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை செய்த ஈ.ஆர். சோதனைகளைத் திரும்பப் பார்த்தபோது, ஏறக்குறைய 400 பெண்களுக்குத் தப்பான முடிவு கொடுத்திருந்தது தெரிந்தது. நீதிபதி மார்கரெட் கேமரன் விசாரித்து 2009-ல் அறிக்கை கொடுத்தார். அவ்வளவு வசதியான நாட்டிலேயே அந்தக் கதி. இந்தியாவில் டிரிப்பிள் நெகட்டிவ் நூற்றுக்கு 30 வாக்கில் என்கிறார்கள், மேலைநாடுகளைவிட ரொம்ப அதிகம். இதில் எத்தனை நிஜம், எத்தனை ஒழுங்காக ஊறாத கட்டி?

இன்னொரு கூத்து, ஹெர்-2 '2+' என்று வருவது. அது முடிவே அல்ல, ஃபிஷ் சோதனை செய்து பார் என்கிற உத்தரவு. பணமில்லாமல் பல பேருக்கு அது அந்தக் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. இந்த லட்சணத்தில், லட்சக்கணக்கில் செலவாகும் 21 மரபணு சோதனையைப் பற்றி கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடுப்பே பற்றவில்லை, பாயசத்துக்கு முந்திரி எத்தனை என்று கேட்ட கதைதான்.

செய்ய வேண்டியது மூன்றே மூன்று:

1. மார்பகக் கட்டி எடுக்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் சரியான ஃபார்மலினும், கட்டியை எடுத்த நேரமும் ஃபார்மலினில் போட்ட நேரமும் எழுதிய சீட்டும் கட்டாயம்.

2. மூன்று மார்க்கர்களும், '2+' வந்தால் ஃபிஷ்ஷும், எல்லா ஏழைக்கும் இலவசம்.

3. அந்த ரிப்போர்ட்டைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு ஆள்.

சேத்தூருக்குப் பக்கத்து சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்த வட்டாரத்துப் பெண்ணின் கட்டிக்கு ஒரு டப்பா ஃபார்மலின் திரும்பி வரக்கூடாதா?