“இதோ வந்துடுச்சு” என்று சொல்லாதீர்கள்

பள்ளிக்கூடங்கள் மூடியதும் எங்கள் சித்தூர் பேருந்து நிலையத்தின் முகமே மாறிவிடும். வேலூர், ஆரணி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து திருப்பதிக்குப் போகும் பேருந்துகளில் பாதிக் கூட்டம் குழந்தைகள்தான். போகும்போது எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. திரும்பும்போது சந்தனம் பூசிய மொட்டை. எல்லையோர ஊரில் குடியிருப்பவர்களுக்குக் கோடை என்றால் உறவினர் வருகையும்தான். மலைக்குப் போகும் வழியில் ஓர் இரவு தங்குவார்கள், வரும் வழியில் ஒரு வேளை சாப்பிடுவார்கள். பெரியவர்கள் தரிசனம் எப்படி ஆயிற்று என்று பேசுவார்கள். குழந்தைகள் பேசுவது வரிசையைப் பற்றி.

நாளிதழில் தினமும் ஒரு சிறு செய்தி வரும். நேற்று எத்தனை பேர் ஏழுமலையானைத் தரிசித்தார்கள், எத்தனை பேர் முடி காணிக்கை செலுத்தினார்கள், உண்டியல் காணிக்கை எவ்வளவு, டோக்கன் இல்லாத தர்ம தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது. நெரிசல் நாட்களில் காத்திருப்பு அறைகள் எல்லாம் நிரம்பி, வெளியே சிலாதோரணம் என்ற பாறை வளைவு வரை வரிசை நீண்டது என்று எழுதுவார்கள். ஒரு நாளைக்கு அறுபதாயிரம் பேர், எழுபதாயிரம் பேர், சில நாட்களில் அதற்கும் மேல். அவர்களில் குழந்தைகள் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் அந்தச் செய்தியில் இருப்பதில்லை. நான் எழுத வந்தது அவர்களைப் பற்றித்தான்.

திருமலையில் வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸ் காத்திருப்பு அறைக்குள் ஒரு முறையாவது உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. கம்பிக் கதவு, தலைக்கு மேலே மின்விசிறிகள், சுவரில் தொலைக்காட்சி, தரையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் பெரியவர்கள். அடுத்த அறையின் கதவு திறந்தால் இங்கிருப்பவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிடுவார்கள். நம் கதவு திறக்காது. மறுபடி உட்காருவார்கள். இதற்கு நடுவே எல்லாக் குடும்பத்திலும் ஒரே உரையாடல் நடந்துகொண்டிருக்கும். “இன்னும் எவ்ளோ நேரம்பா?” “இதோ வந்துடுச்சும்மா.” அரை மணி கழித்து மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது தடவை குழந்தை கேட்பதில்லை, அழத் தொடங்குகிறது. அழுகிற பிள்ளையைப் பார்த்து, “சாமி கோவிச்சுக்கும்” என்று அடுத்த பொய் வருகிறது.

அப்படிப்பட்ட அறை ஒன்றில் ஆரணிப் பக்கத்துக் குடும்பத்தின் அருகில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வயதுப் பையன். அவன் அதே கேள்வியைக் கேட்டபோது அப்பா வாயைத் திறக்குமுன் ஆயா முந்திக்கொண்டார். “இப்ப இல்ல கண்ணு. ராத்திரி ஆயிடும். மொதல்ல பால் வரும். அப்பறம் சாப்பாடு வரும். நீ ஒரு தூக்கம் தூங்கணும். ஆயா எழுப்புவேன். அதுக்கப்பறந்தான் கதவு தொறப்பாங்க.” பையன் முகம் சுருங்கியது. அழவில்லை. கொஞ்ச நேரத்தில் தேவஸ்தானத் தொண்டர்கள் பால் கொண்டுவந்தார்கள். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம். “ஆயா, பால் வந்துடுச்சு, அடுத்தது சாப்பாடு!” என்று கத்தினான். ஆயா சொன்னது ஒன்று நடந்துவிட்டது, ஆகவே மிச்சமும் நடக்கும். உப்புமா வந்தபோது பக்கத்திலிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவனே அறிவிப்பாளன் ஆகிவிட்டான். பிறகு ஆயா மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனான். அப்பாவும் அம்மாவும் வியந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆயா அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்ததை அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, “நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்” என்று சொல்லும் பழைய ஸ்டான்ஃபோர்டு சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். பொறுமை பிறவிக் குணம் என்று அதை வைத்து வெகுகாலம் பேசினார்கள். 2013-ல் வெளியான ரோச்செஸ்டர் ஆய்வு அதற்கு முன்னால் ஒரு படி சேர்த்தது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியிடம், “படம் வரைய நல்ல வண்ணக் குச்சிகள் கொண்டுவருகிறேன்” என்று சொன்ன பெரியவர், சொன்னபடியே கொண்டுவந்தார். மறு பாதியிடம் அதையே சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அதன் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடத்தில் கைவைத்துவிட்டார்கள். முழுப் 15 நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவில் 14 பேரில் 9 பேர், இரண்டாவது குழுவில் ஒரே ஒரு குழந்தை.

சின்ன ஆய்வுதான். ஆனாலும் நம் பிள்ளைகளைப் பற்றி அது சொல்லும் செய்தி பெரிது. குழந்தைக்குப் பொறுமை இல்லை என்று நாம் சொல்லும்போது, பல சமயம் அதற்கு நம் வார்த்தையில் நம்பிக்கை இல்லை என்பதே உண்மை. “இதோ வந்துடுச்சு” என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த நம்பிக்கையில் கொஞ்சம் செலவாகிறது.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். வரிசையில் நிற்பவர்களின் மனம் பற்றி டேவிட் மெய்ஸ்டர் 1985-ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சும்மா இருக்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும். காரணம் சொல்லப்படாத தாமதம் இன்னும் நீளமாகத் தெரியும். திருமலை அறையில் இந்த மூன்றும் ஒன்றுசேர்கின்றன. ஐந்து வயதில் கடிகாரமும் பார்க்கத் தெரியாது என்பதால், குழந்தைக்கு இவை இன்னும் கடுமை.

உலகின் வேறு மூலைகளிலும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ‘ஃப்ரோஸன்’ படம் 2013 இறுதியில் வெளிவந்தபின், ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவில் எல்சா, அன்னா வேடமிட்டவர்களைச் சந்திக்கக் குடும்பங்கள் பல மணி நேரம் நின்றன. ஐந்து மணி நேரம் வரை ஆனதாகச் செய்திகள் வந்தன. ஷாங்காய் டிஸ்னியில் 2021-ல் லினாபெல் என்ற நரிக்குட்டி பொம்மை அறிமுகமானபோதும் அப்படித்தான். ஏழுமலையானையும் அவற்றையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. பக்தி வேறு, பொழுதுபோக்கு வேறு. ஆனால் வரிசையில் நிற்கும் குழந்தையின் கால்வலி எந்த ஊரிலும் கால்வலிதான். அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தே ஆகவேண்டும். வரிசையின் முடிவில் எல்சா முட்டிபோட்டுக் குனிந்து குழந்தையின் கண்மட்டத்துக்கு வருகிறாள். அத்தனை நேரமும் அந்தக் குழந்தைக்காகத்தான் நின்றோம் என்பது அந்த நொடியில் அதற்குப் புரிகிறது.

சன்னிதியில் நிலைமை வேறு. லட்சம் பேர் தரிசிக்கவேண்டிய இடத்தில் யாரையும் நிறுத்தி வைக்க முடியாது. “ஜருகண்டி” என்ற குரலோடு சில நொடிகளில் நகர்ந்தாகவேண்டும். அந்த நொடிகளில் மூன்றடி உயரப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் இடுப்பும் முதுகும்தான். பரவசத்தில் நாம் இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பிவிடுகிறோம். பிள்ளையைத் தூக்கவேண்டிய கைகள் அவை. கருவறை வாசலான குலசேகரப்படி கண்ணில் படுமுன்பே தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். யார் தூக்குவது என்று வரிசையில் நிற்கும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பார்த்துவிட்டால் குடும்பமே பார்த்த மாதிரி.

தேவஸ்தானம் குழந்தைகளை நினைக்காமலில்லை. ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தையோடு வரும் பெற்றோருக்குச் சுபதம் நுழைவாயில் வழியாக இலவசமாகத் தனி அனுமதி உண்டு. பிறப்புச் சான்றிதழை எடுத்துப்போக வேண்டும். இது தெரியாமல் பிஞ்சுக் குழந்தையோடு பொது வரிசையில் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்தில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். விஷ்ணு நிவாசம், சீனிவாசம், அலிபிரி பூதேவி வளாகம் ஆகிய இடங்களில் தரும் நேரம் குறித்த டோக்கன், குழந்தையோடு வருபவர்களுக்குப் பெரிய உதவி. மலைக்கு மேல் அடைபட்டுக் கிடக்கவேண்டிய நேரத்தைக் கீழே அறையில் தூங்கிக் கழிக்கலாம். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்ற துயரத்துக்குப் பின், 15 வயதுக்குட்பட்டவர்களைக் காலை 5 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மட்டுமே அந்தப் படிகளில் அனுமதித்தார்கள். வயதைப் பார்த்து விதி வகுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே இன்னும் சிலவற்றை உரிமையோடு கேட்கலாம். அறைகளில் ஓடும் அதே தொலைக்காட்சித் திரையில், இந்தக் கதவு உத்தேசமாக எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தியில் விடாமல் காட்டலாம். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு மாதத்தில் சில நாட்களை ஒதுக்கியிருந்தார்கள். பள்ளி விடுமுறை மாதங்களிலாவது அதைப் போன்ற ஏற்பாடு வேண்டும். ஸ்ரீவாரி சேவைக்கு நாடெங்குமிருந்து தொண்டர்கள் வருகிறார்கள். அவர்களில் கதை சொல்லத் தெரிந்தவர்களை அறைக்கு ஒருவராக அனுப்பினால் போதும். தோல்பாவைக் கூத்து இந்த மண்ணின் கலை. ஒரு வெள்ளைத் துணியும் விளக்கும் இருந்தால் ராமாயணமே அந்த அறைக்குள் வந்துவிடும்.

தகவல் தராத காத்திருப்பு எரிச்சலோடு நின்றுவிடுவதில்லை. 2025 ஜனவரி 8-ஆம் தேதி திருப்பதியில் வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். உடல்நலம் குன்றிய பெண் ஒருவரை வெளியே விடக் கதவைத் திறந்தபோது, டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எண்ணிக் கூட்டம் முண்டியடித்தது என்பதே முதலில் வந்த விளக்கம். பல மணி நேரம் நின்றவர்களுக்கு, கதவு எதற்காகத் திறக்கிறது என்று தெரியவில்லை. எது எப்போது நடக்கும் என்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பது அங்கே உயிர்காக்கும் வேலை. பிள்ளையோடு நிற்பவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். கதவு திறந்ததும் பாயும் முதல் அலையில் போகாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நின்று, கூட்டம் தணிந்தபின் நகருங்கள். ஐந்து நிமிடம் போனால் போகட்டும்.

திருப்பதிப் பிள்ளைகள் சிணுங்காமல் ஆசையோடு காத்திருக்கும் விழா ஒன்றும் உண்டு. மே மாதத்தில் ஊர் அம்மனான தாத்தய்யகுண்ட கங்கம்மாவின் ஜாத்திரை வரும். பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரன் ஒருவனைத் தேடி, கங்கம்மா நாளுக்கொரு வேடத்தில் அலைந்தாள் என்பது கதை. கடைசியில் துரை வேடத்தில் வந்தபோது ஒளிந்திருந்தவன் வெளியே வர, அவன் தலையைக் கொய்தாள். அந்த நினைவாக முதலில் உடலெங்கும் வெள்ளைப் பூச்சோடு பைராகி வேடம், பிறகு குங்குமம் பூசிய பண்ட வேடம், கரி பூசிய தோட்டி வேடம், துரை வேடம், மாதங்கி வேடம் என்று வரிசையாக வரும். மாதங்கி வேடத்தை ‘புஷ்பா 2’ படம் இந்தியா முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சித்தூரில் எங்கள் நடுவீதி கங்கம்மாவுக்கும் அதே மாதத்தில்தான் ஜாத்திரை.

அங்கே எந்தப் பிள்ளையும் சிணுங்கிப் பார்த்ததில்லை. முதல் காரணம், எந்த நாளில் எந்த வேடம் என்பது ஊருக்கே தெரியும். “நாளைக்குக் கரி வேடம்” என்று சொன்னால் நாளைக்குக் கரி வேடம்தான். இரண்டாவது, பிள்ளை வேடிக்கை பார்ப்பதோடு நிற்பதில்லை. அதன் முகத்திலும் குங்குமம் பூசி, கையில் வேப்பிலை கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வீட்டுத் திண்ணையில் நிற்கும் பிள்ளைக்கு இந்தப் பிள்ளையே ஒரு வேடம்தான். மூன்றாவது, தெய்வம் தெருவுக்கே வருகிறது. திருமலையில் மூன்றாவதைச் செய்ய முடியாது. முதல் இரண்டையும் செய்யலாம். அவற்றை எந்தக் குடும்பமும் யாரையும் கேட்காமலே செய்யலாம்.

இந்தக் கோடையில் மலைக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒரு ராத்திரி ஆகலாம், தரையில் படுக்க நேரும், நடுவில் பால் வரும், கால் வலிக்கும், கடைசியில் சாமியைக் கொஞ்ச நேரம்தான் பார்க்க முடியும் என்று சொல்லுங்கள். கம்பிக் கதவுகளை எண்ணும் வேலையை அதனிடம் கொடுங்கள். லட்டுப் பை யாருடைய பொறுப்பு என்று முன்பே முடிவு செய்யுங்கள். எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால், “எனக்கும் தெரியலடா, தெரிஞ்சதும் மொதல்ல உங்கிட்டதான் சொல்வேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி சொல்லிவிடுங்கள். நாளைக்கு ஆஸ்பத்திரி வாசலிலும் பரீட்சை முடிவுக்கும் வேலைக்கும் அந்தப் பிள்ளை காத்திருக்கத்தான் போகிறது. நம்பிக் காத்திருக்க அது கற்றுக்கொள்வது நம் வார்த்தையிலிருந்துதான்.