நிழற்படத்தின் பின்பக்கம்

2024 டிசம்பரில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு ஜோடி சிவப்புக் காலணிகள் 2.8 கோடி டாலருக்கு ஏலம் போயின. ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்தால் 3.25 கோடி. 1939இல் வெளியான 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் அணிவதற்காகச் செய்யப்பட்ட ஜோடிகளுள் ஒன்று அது. 1970இல் எம்.ஜி.எம். நிறுவனம் தன் கிடங்குகளைக் காலி செய்தபோது இன்னொரு ஜோடி 15,000 டாலருக்குத்தான் விலைபோனது. இச்செய்தியை வாசித்தபோது எங்களுக்கு வியப்பைவிட எரிச்சலே மிஞ்சியது.

நட்சத்திரத்தின் உடலைத் தொட்ட பொருளுக்குத்தான் இந்த விலை. காலணி, கையுறை, சீப்பு, கையொப்பமிட்ட காசோலை எல்லாம் புனிதச் சின்னங்களாகிவிட்டன. 1962இல் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் மர்லின் மன்றோ அணிந்த உடையை 2022இல் இன்னொரு பிரபலம் உடுத்திக்கொண்டு விருந்துக்குப் போனார். பழைய ஆடைகளைப் பேணுவோர் பதறினார்கள். சின்னத்தை வாங்குபவர் உள்ளூர விரும்புவது அதைத்தானே, அந்த உடலுக்குள் ஒருகணம் புகுந்து பார்ப்பதை!

டெபி ரெனால்ட்ஸை இந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டோம். 1970 ஏலத்தில் தொடங்கி நாற்பதாண்டுகள் உடைகளைச் சேகரித்தவர் அவர். அருங்காட்சியகம் ஒன்றை நிலைபெறச் செய்யப் போராடித் தோற்று, 2011இல் அவற்றை ஏலத்துக்கு விட்டார். 'தி செவன் இயர் இட்ச்' படத்தின் வெள்ளை உடை மட்டும் கட்டணம் நீங்கலாக 46 லட்சம் டாலருக்குப் போயிற்று. அகாதெமியின் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 2021இல். அவர் 2016லேயே இறந்துவிட்டார்.

எங்கள் ஆதங்கம் அவ்வளவாக விலைபெறாத இன்னொரு பொருளைப் பற்றியது: எட்டுக்குப் பத்து அங்குலப் பளபளப்புத் தாளில் அச்சான ஸ்டில். பத்திரிகைகளுக்கும் திரையரங்குகளுக்கும் விளம்பரத்துக்காக அள்ளி வழங்கப்பட்டு, வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகவேண்டியது அது. போகாமல் தடுத்தவர்கள் பெரும்பாலும் தனிமனிதச் சேகரிப்பாளர்கள்.

1937 ஜூலையில் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் நைட்ரேட் படச்சுருள் கிடங்கு எரிந்தது. தீடா பாராவின் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1917இல் வெளியான 'கிளியோபாட்ரா'வில் எஞ்சியிருப்பவை சிறு துண்டுகளே. ஆனால் அப்படத்தின் ஸ்டில்கள் ஏராளமாகப் பிழைத்திருக்கின்றன. அந்த உடையலங்காரத்தையும் அரங்கையும் பற்றி இன்று நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான். அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப்படங்களில் 14 விழுக்காடே அசல் வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன என்று காங்கிரஸ் நூலகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. மற்றவற்றில் பலவற்றுக்கு ஸ்டில்தான் சாட்சி.

அது எடுக்கப்பட்ட முறையையும் இங்கே சொல்லவேண்டும். காட்சி படமாகி முடிந்ததும் நடிகர்களை அப்படியே நிற்கச் சொல்லி, முக்காலியில் நிறுத்திய பெரிய காமிராவால் ஸ்டில் புகைப்படக்காரர் தனியாக எடுப்பார். ஆகவே அது திரைச்சுருளிலிருந்து பிரித்தெடுத்த சட்டகம் அன்று. பெரும்பாலும் மூலையில் படத்தின் எண்ணும் ஸ்டிலின் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்கள் இருந்தால் சிதறிய காட்சிகளைக் கோக்கலாம். ஸ்ட்ரோஹைமின் 'கிரீட்' படத்தை ஸ்டூடியோ கண்டபடி வெட்டிச் சிதைத்து 1924இல் வெளியிட்டது. 1999இல் 650க்கும் மேற்பட்ட ஸ்டில்களைச் சேர்த்து அதை ஏறத்தாழ நான்கு மணிநேரப் படமாக மீட்டமைத்தார்கள். ஸ்டில்களை வரிசையாக நிறுத்தி ஒரு படத்தை எழுப்புவது ஈடுசெய்வதாகாது என்பது உண்மைதான். ஆயினும் எந்தக் காலணியாலும் அது முடியாது.

இப்படிப்பட்ட தொகுப்புகளைத்தான் இன்றைய சந்தை உடைக்கிறது. நாற்பது ஸ்டில்கள் கொண்ட வரிசையை ஒன்றொன்றாக விற்றால் லாபம் அதிகம். முகம் அழகாகத் தெரியும் படம் முதலில் போய்விடும். துணைநடிகர்கள் நிற்கும் படம் சீந்துவாரற்றுக் கிடக்கும். பின்பக்கத்தில் ஒட்டிய குறிப்புத்தாளைக் கறை என்று சுரண்டியெடுப்பவர்கள் இருக்கிறார்கள். மின்வருடி வைப்பவர்களோ முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சேகரிப்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது: வரிசையைப் பிரிக்காதீர்கள், பின்பக்கத்தையும் படியெடுங்கள், அந்தப் படிகளில் ஒன்றை ஏதேனும் ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். அகாதெமியின் மார்கரெட் ஹெரிக் நூலகம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிழற்படங்களைக் காத்துவருகிறது. அதனிடமும் எல்லாம் இல்லை.

பின்பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது? சிலவற்றில் ஒரு ரப்பர் முத்திரை மட்டும். 1925இல், 22 வயதில், எம்.ஜி.எம். நிறுவனத்தின் உருவப்பட நிலையத்துக்குப் பொறுப்பேற்றவர் ரூத் ஹாரியட் லூயிஸ் என்ற பெண். கிரேட்டா கார்போவின் தொடக்க ஆண்டுகளின் முகத்தை உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர். 1930இல் அங்கிருந்து விலகினார், 1940இல் இறந்தார். கார்போவின் முகத்தை உலகம் மறக்கவில்லை. எடுத்தவரின் பெயர் பல்லாண்டுகள் தாளின் மறுபக்கத்திலேயே கிடந்தது. ஜான் கோபல் போன்ற சேகரிப்பாளர்கள் படத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமுடையவர்களாக இருந்தார்கள்.