ஓட வைப்பது எளிது, நிறுத்துவதுதான் வேலை!

நாலு சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. முன்னால் சுழலும் வாள். எதிரே இன்னொரு பெட்டி. இரண்டும் மோதுகின்றன. தீப்பொறி பறக்கிறது. கூட்டம் கை தட்டுகிறது!

இது எந்திரச் சண்டை. சண்டை போடும் எந்திரத்தை 'ரோபோ' என்கிறார்கள். கை, கால், தலை எதுவும் அதற்குக் கிடையாது. தூரத்தில் நிற்பவர் ரேடியோ கருவியைக் கையில் பிடித்தபடி அதை ஓட்டுகிறார்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1994-ம் ஆண்டு மார்க் தோர்ப் என்பவர் இத்தகைய போட்டி ஒன்றை நடத்தினார். இவர் சினிமாப் படங்களுக்கு மாதிரி உருவங்கள் செய்தவர். வீட்டில் தூசு உறிஞ்சும் எந்திரத்தை ரேடியோவால் ஓட்டப் பார்த்தபோது பிறந்த யோசனை இது! 1998-ல் இங்கிலாந்தில் பி.பி.சி. டெலிவிஷனிலும், 2000-ல் அமெரிக்க டெலிவிஷனிலும் இந்தச் சண்டை தொடர் நிகழ்ச்சியாக வந்தது. பார்த்த இளைஞர்கள் பலர் தாங்களே பெட்டி செய்யக் கிளம்பிவிட்டார்கள்.

பார்ப்பவர் கண்ணுக்கு வாள்தான் தெரியும். உள்ளே ஒரு சின்னப் பலகை இருக்கிறது. மோட்டார் எவ்வளவு வேகம் சுற்ற வேண்டும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று அதற்குப் பெயர். அதைக் கடையில் வாங்குவதா, வீட்டில் செய்வதா? இதுதான் கேள்வி.

நாலு கதவு

வீட்டு மின்விசிறிக்கு ரெகுலேட்டர் உண்டு. பழைய ரெகுலேட்டர் பெட்டியைத் தொட்டால் சுடும். மின்சாரத்தில் ஒரு பங்கை அது சூடாக்கி வீணாக்கிவிடும். மின்விசிறி 1 ஆம்பியர்கூட எடுப்பதில்லை. அதனால் பாதகம் இல்லை.

சண்டை எந்திரத்தின் கதை வேறு. சுவரில் முட்டிச் சக்கரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாட்டரி 24 வோல்ட். மோட்டாரின் மின் தடை 0.1 ஓம். அப்போது பாய விரும்பும் மின்சாரம் 240 ஆம்பியர்! பழைய ரெகுலேட்டர் முறையில் இதை அடக்கப் பார்த்தால் பெட்டி அடுப்பாகிவிடும்.

ஆகவே மின்சாரத்தைக் குறைப்பது இல்லை. விட்டு விட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடுகிறார்கள். பாதி நேரம் திறந்திருந்தால் ஏறக்குறையப் பாதி வேகம். இப்படித் திறந்து மூடும் கதவுதான் 'மாஸ்பெட்' என்ற டிரான்சிஸ்டர். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1959-ல் உருவானது.

மோட்டாரின் இரண்டு முனைக்கும் பக்கத்துக்கு இரண்டாக நாலு கதவு. குறுக்காக இரண்டைத் திறந்தால் மோட்டார் முன்னால் சுற்றும். மற்ற இரண்டைத் திறந்தால் பின்னால் சுற்றும். ஆனால் ஒரே பக்கத்தில் உள்ள இரண்டும் ஒன்றாகத் திறந்தால்? மின்சாரம் மோட்டாருக்குப் போகாது. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேரே பாயும். 'டப்' என்று ஒரு சத்தம். புகை. டிரான்சிஸ்டர் போயிற்று!

இதைத் தடுக்க, ஒரு கதவு மூடிய பிறகு கொஞ்சம் பொறுத்துத்தான் மற்றது திறக்க வேண்டும். கொஞ்சம் என்றால், விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போன்ற நேரம். முதல் முறையாகச் செய்பவர் இதில்தான் டிரான்சிஸ்டர்களைப் பறிகொடுக்கிறார். அதுவும் ஒரு படிப்புத்தான். கொஞ்சம் விலை கூடிய படிப்பு!

பணம் மிச்சமா?

தொடக்க காலத்தில் பெரிய எந்திரத்துக்கு ஏற்ற கருவி சில நூறு டாலர் விலை. மாணவர்களால் வாங்க முடியவில்லை. ஆகவே சிலர் கூடி, யாரும் பார்த்துச் செய்யும்படி ஒரு கருவியின் வரைபடத்தை எல்லாருக்கும் வெளியிட்டார்கள். லாபம் கருதாமல் செய்த நல்ல காரியம்.

இன்று பறக்கும் 'டிரோன்' வந்து சிறு கருவிகளின் விலை இறங்கிவிட்டது. சின்ன எந்திரத்துக்கு வீட்டில் செய்தால்தான் செலவு அதிகம். அப்படியானால் செய்ய வேண்டாமா? செய்யத்தான் வேண்டும். தானே செய்தவனுக்கு எது எரிந்தது, ஏன் எரிந்தது என்று தெரியும். ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் பழுது பார்க்க முடியும். வாங்கியவன் இன்னொன்று வாங்கத்தான் ஓடுவான்.

ஆனால் சக்கரத்துக்குச் செய்யலாம். வாளுக்குச் செய்ய அவசரப்படக் கூடாது. ஏன் தெரியுமா? மாஸ்பெட் எரிந்தால் பெரும்பாலும் கதவு மூடிக்கொள்வதில்லை. திறந்தபடியே நின்றுவிடும்! வாள் ஒரு பக்கம் சுற்றினால் போதும் என்று அதற்கு ஒரே கதவு வைப்பவர்கள் உண்டு. அந்தக் கதவு திறந்தபடி நின்றால் வாள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ரேடியோவில் எத்தனை தடவை 'நில்' என்றாலும் கேட்காது. பக்கத்தில் குனிந்திருப்பவன் விரல் என்ன ஆகும்?

கடைச் சரக்கும் எரியக்கூடியதுதான். அதனால்தான் போட்டி விதிகளில் மின்சாரத்தை அறவே துண்டிக்கும் ஏற்பாடு கட்டாயம். வெளியிலிருந்து பிடுங்கக்கூடிய இணைப்பு அல்லது சுவிட்சு இருக்க வேண்டும். அதை வாளுக்கு எதிர்ப்பக்கம் வைப்பதே புத்தி. வாளைத் தாண்டிக் கை நீட்டும்படி வைப்பது பைத்தியக்காரத்தனம்.

முதல் சோதனை

ரேடியோ ஏற்பி, விநாடிக்குச் சுமார் 50 தடவை துடிப்பு அனுப்புகிறது. துடிப்பு நின்றால் மோட்டாரும் நிற்க வேண்டும். வீட்டில் செய்யும் கருவிகளில் பலர் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தவறு. முதலில் செய்ய வேண்டியதே இதுதான்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது பாட்டரிக்கும் கருவிக்கும் நடுவில் கார் விளக்கு பல்பு ஒன்றைத் தொடராக இணைப்பது அனுபவசாலிகள் வழக்கம். மோட்டார் சும்மா இருக்கும்போதே பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ குறுக்கு வழி இருக்கிறது. பல்பு காட்டிக் கொடுத்துவிடும், டிரான்சிஸ்டரும் பிழைக்கும்.

பிறகு பல்பை எடுத்துவிட்டு, சக்கரம் தரையில் படாதபடி எந்திரத்தைக் கட்டை மேல் ஏற்றி வைக்க வேண்டும். வாளைக் கழற்றிவிட வேண்டும். சக்கரத்தை முழு வேகத்தில் ஓட விட்டு, கையிலுள்ள ரேடியோவைத் திடீரென்று அணைக்க வேண்டும். சக்கரம் நின்றால் சரி. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்தக் கருவியைக் கழற்றி மறுபடி மேஜை மேல் வைக்க வேண்டியதுதான்.