கிண்டல் செய்யாத வாத்தியார்

எண்ணூர்ப் பசங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் சொன்னது? கிராமர் தெரியும், மார்க்கும் வாங்குவார்கள். வாய்தான் திறக்காது! துறைமுகத்தை நம்பியிருக்கும் சரக்குக் கம்பெனி இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்டால் போதும், தொண்டை அடைத்துக்கொள்ளும். தப்பாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பானே என்ற பயம்.

2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சியும் உண்டு. ஆனால் வகுப்பு என்றால் அங்கேயும் நாலு பேர் பார்ப்பார்களே! அதே வருடம் நவம்பர் 30-ல் வந்த சாட்ஜிபிடி சிரிக்காது. இன்று அதனுடன் குரலிலேயே பேசலாம். நூறு தடவை தப்பு செய்தாலும் சலிக்காது. கூச்சக்காரனுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் இந்த வாத்தியாரிடம் ஒரு குறை, ரொம்ப நல்லவர்! எப்படி உச்சரித்தாலும் மற்ற வார்த்தைகளை வைத்து ஊகித்துப் பதில் சொல்லிவிடுவார். முதுகுக்கும் மூட்டை கட்டுவதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பேக்'தான் (நமக்கு ஒரே 'ப'!). முதலாவதில் தொண்டை அதிர வேண்டும், அடுத்ததில் காற்று வெடித்து வர வேண்டும். போனில் குரலால் டைப் செய்யும் வசதியில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் தனியாகச் சொல்லிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இது வீட்டில் பத்து நிமிஷ வேலை. மீதிக்குக் கும்மிடிப்பூண்டி ரயில் இருக்கிறது. எண்ணூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கும் வரை இரண்டு நண்பர்கள் இங்கிலீஷிலேயே பேசிக்கொள்ளலாம். பெட்டியில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டுமே. திருவொற்றியூர் வருவதற்குள் அவர்களுக்கே சலித்துவிடும்.