பழைய போனுக்குள்ள இன்னும் பாம்பன் ரயில் ஓடுது... லேப்டாப்புக்கு இறக்கிட்டீங்களா?

ஒரு சின்ன வேலை பண்ணுங்க. பீரோ, டிவி ஸ்டாண்டு டிராயர், அம்மாவோட தையல் மெஷின் பெட்டின்னு வீட்டுல எங்கேயாவது ஒரு பழைய ஸ்மார்ட்போன் கிடக்கும். ஓரம் உடைஞ்சிருக்கும், பேட்டரி செத்திருக்கும். "இதை வெச்சு என்ன பண்றது"ன்னு கேட்டா, "இருக்கட்டும், அதுல போட்டோ இருக்கு"ன்னு பதில் வரும்.

நீங்க ராமேஸ்வரம், மண்டபம், ராமநாதபுரம் பக்கத்து ஆளா இருந்தா, அந்த போட்டோக்களுக்கு நடுவுல ஒரு வீடியோ இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. பழைய பாம்பன் பாலத்துல ரயில் ஊர்ந்து போகும், கீழே கடல், யாரோ ஒருத்தர் வாசல்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. 1914-ல் திறந்த அந்தப் பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னுபோச்சு. 2025 ஏப்ரல் 6-ம் தேதி பக்கத்துலேயே புதுப் பாலம் திறந்தாச்சு. பழைய பாலத்து மேல போற ஒரு ரயில் பயணத்தை இனிமே யாரும் புதுசா எடுக்க முடியாது. யூடியூப்ல அந்தக் காட்சி எக்கச்சக்கமா இருக்கு, உண்மைதான். ஆனா, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற உங்க தாத்தா அதுல இல்லையே!

சரி, போனைச் சார்ஜ் போட்டு, லேப்டாப்ல செருகுறீங்க. சார்ஜ் மட்டும் ஏறுது. வேற எதுவும் நடக்கலை. வேற கேபிள் மாத்துறீங்க, அதே கதை. நண்பனோட மேக்புக்ல போட்டா அது போனையே கண்டுக்க மாட்டேங்குது. இது உங்க போனோட கோளாறுன்னு நினைச்சீங்கன்னா, பாதிதான் சரி.

தலைமன்னார் கப்பல் மாதிரி!

இதைப் புரிஞ்சுக்க ராமேஸ்வரத்து ஆளுங்களுக்குக் கையிலேயே ஓர் உதாரணம் இருக்கு. 1964 புயலுக்கு முன்னாடி வரை 'போட் மெயில்' தனுஷ்கோடி வரைக்கும் போகும். அங்கே பயணிகள் இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னார் போய், அங்கேருந்து கொழும்புக்கு வேற ரயில் பிடிப்பாங்க. இந்தப் பக்கம் மீட்டர்கேஜ், அந்தப் பக்கம் அகலப்பாதை. நடுவுல கடலே இல்லாம இருந்திருந்தாலும் அந்த ரயில் இந்தத் தண்டவாளத்துல ஓடியிருக்காது.

போனும் கம்ப்யூட்டரும் இதே நிலைமையிலதான் இருக்கு. ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களைச் செருகினா, மெமரி கார்டு மொத்தமும் ஒரு பென்டிரைவ் மாதிரி கம்ப்யூட்டர்கிட்ட போயிடும். விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவா இருந்தாலும் திறக்கும். ஆனா ஒரு சிக்கல். கம்ப்யூட்டர் அதைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் போன் அந்த கார்டைத் தொட முடியாது. கேலரி காலியா காட்டும், கார்டுல போட்ட ஆப் ஓடாது. அதோட, எல்லா கம்ப்யூட்டருக்கும் புரியணும்னா கார்டு பழைய 'ஃபேட்' ஃபார்மட்லயே இருக்கணும்.

அதனால 2011 வாக்குல, ஆண்ட்ராய்டு 3, 4 பதிப்புகள்ல ரூட்டை மாத்தினாங்க. அதுதான் 'எம்டிபி'. மைக்ரோசாஃப்ட் மியூசிக் பிளேயர்களுக்காக உருவாக்கின முறை இது. இதுல போன் தன்னோட மெமரியைக் கையை விட்டுக் கொடுக்காது. கம்ப்யூட்டர் "அந்த ஃபைலைக் கொடு"ன்னு கேட்கும், போன் ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுக்கும். அதாவது, ரயில் நேரா கடலைத் தாண்டாது. மூட்டைகளை இறக்கி, கப்பல்ல ஏத்தி, அந்தப் பக்கம் இறக்கணும். பாதுகாப்பானதுதான், ஆனா மெதுவா நடக்கும். நடுவுல மக்கர் பண்ணும். ஒரே நேரத்துல ரெண்டு வேலை சொன்னா திணறும்.

விண்டோஸுக்கு இந்தக் கப்பல் சொந்தம். லினக்ஸ்காரங்க தாங்களே ஒண்ணு கட்டிக்கிட்டாங்க. ஆப்பிள் கட்டவே இல்லை. மேக்கில் ஆண்ட்ராய்டு போனைத் திறக்க கூகுள் கொடுத்திருந்த 'ஆண்ட்ராய்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர்' ஆப்பையும் 2024-ல் சத்தமில்லாம எடுத்துட்டாங்க. ஐபோனோ வேற உலகம். அதுக்கு விண்டோஸ்ல ஆப்பிளோட தனி மென்பொருள் வேணும், "இந்தக் கம்ப்யூட்டரை நம்புறியா?"ன்னு போன்ல கேட்கும்போது சரின்னு தட்டவும் வேணும்.

கேபிளை யாருக்கும் பிடிக்கலை

இவ்வளவு வருஷமாகியும் இதை ஏன் யாருமே சரிபண்ணலை? டெக்னாலஜி இல்லாமலா? மனசு இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. 2021 ஜூன் 1-ம் தேதி கூகுள் போட்டோஸ் தன்னோட இலவச 'அன்லிமிட்டட்' சேமிப்பை நிறுத்துச்சு. 15 ஜிபி தாண்டினா மாசாமாசம் காசு. ஆப்பிள் இலவசமா கொடுக்கிறது வெறும் 5 ஜிபி. மேகத்துல இடம் விக்கிற கம்பெனிக்கு, நீங்க ஒரு கேபிளைச் செருகி ஓசியில காப்பி பண்ணிக்கிறதுல என்ன லாபம் சொல்லுங்க?

நமக்குக் கேபிள் இல்லாத பழக்கமும் ஒரு காலத்துல இருந்துச்சு. ஷேர்இட், ஸெண்டர் ஞாபகம் இருக்கா? ஸ்கூல் பெஞ்சுல உட்கார்ந்து முழுப் படத்தையே அனுப்பினோமே! 2020 ஜூன்ல மத்திய அரசு தடை செஞ்ச 59 சீன ஆப்களில் ரெண்டுமே இருந்துச்சு. அந்த இடத்துக்கு வந்தது வாட்ஸ்அப். ஆனா வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா வீடியோ நசுங்கிப்போகும். பாம்பன் பாலம் வரைஞ்ச ஓவியம் மாதிரி தெரியும்!

இப்போ கதவுகள் வேற ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வருது. ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே இருக்கிற போன்ல வாட்ஸ்அப் இப்போ ஓடாது. ஐபோன் 6-லயும் 2025 மே மாசத்தோட நின்னுடுச்சு. கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தா, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதி முடிஞ்சாச்சு. தனியா பதிவு செஞ்சவங்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11 போடலாம்னா, சுமார் 2018-க்கு முந்தின பெரும்பாலான லேப்டாப்பை அது ஏத்துக்காது. ஆக, போனும் பழசு, லேப்டாப்பும் பழசு. நடுவுல மாட்டிக்கிட்டது நம்ம வீட்டு போட்டோ.

உங்க வீட்டுலயே ஒரு 'பாஸ்' இருக்கார்

2011 செப்டம்பர்ல தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். ஆன் பண்ணினா ரெண்டு பேர் வரும். ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு 'பாஸ்'. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதோட சுருக்கம் அது. சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை வெச்சு உருவாக்கினது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? தெரியாம அதை அழுத்திட்டு, "ஐயோ, லேப்டாப் கெட்டுப்போச்சு"ன்னு பதறினவங்கதான் அதிகம்.

2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச புது லேப்டாப்லயும் விண்டோஸ் 11 கூடவே பாஸ் இருக்கு. இந்தத் தடவையாவது அதை ஒரு எட்டு பார்க்கலாம்.

இதுல ராமேஸ்வரத்துக்கு ஒரு சொந்தம் உண்டு. 2003 மே மாசம், புனேல ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவன விழாவுல அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் பேசினார். இந்தியா மாதிரி நாடு திறமூல மென்பொருளை உருவாக்கணும், பயன்படுத்தணும்னு அங்கே வெளிப்படையா சொன்னார். பில் கேட்ஸோட தான் பேசினப்போ இந்த விஷயத்துல ரெண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போகலைங்கிறதையும் அதே பேச்சுல சொன்னார். இன்னைக்கு அவர் ஊர்ல ஒரு பழைய போனையும் பழைய லேப்டாப்பையும் பேச வைக்கணும்னா, கடைசியில கை கொடுக்கிறது அந்தத் திறமூலம்தான். எம்டிபிக்கு 'லிப்எம்டிபி', ஐபோனுக்கு 'லிப்ஐமொபைல்டிவைஸ்'னு யாரோ சிலர் எழுதி வெளியிட்ட நிரல்கள்தான் லினக்ஸுக்குள்ள உட்கார்ந்து இந்த வேலையைப் பார்க்குது.

ஒரு எச்சரிக்கை. 2011 காலத்து பாஸ் பதிப்பு புது போன்களுக்கு ஒத்துவராம போகலாம். அதுக்கு லேப்டாப்பை அழிச்சுப் புதுசா போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் மாதிரி ஏதாவது ஒரு புது லினக்ஸை ஒரு பென்டிரைவ்ல ஏத்தி, அதுலேருந்தே லேப்டாப்பை ஆன் பண்ணலாம். இன்ஸ்டால் பண்ணாமலே ஓடும், உள்ளே இருக்கிற விண்டோஸுக்கு ஒண்ணும் ஆகாது. போனைச் செருகுங்க, ஃபோல்டர் திறக்கும், காப்பி பண்ணி இன்னொரு டிரைவ்ல போடுங்க. அவ்வளவுதான்.

இறக்குற வேலையை ஆரம்பிக்கலாமா?

முதல் சந்தேகம் எப்பவும் கேபிள் மேலதான் இருக்கணும். நிறைய மலிவு கேபிள்கள்ல சார்ஜ் போற கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. போனோட பெட்டியில வந்த ஒரிஜினல் கேபிளைத் தேடுங்க. அடுத்தது, 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லேருந்து போனைச் செருகினா 'சார்ஜ் மட்டும்'னுதான் முதல்ல இருக்கும். மேலேருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தட்டணும். போன் லாக்ல இருந்தா ஃபோல்டர் காலியாத்தான் தெரியும். பாதிப் பேருக்கு இந்த ரெண்டோட பிரச்னை முடிஞ்சிடும்.

மேக் வெச்சிருக்கீங்களா? 'ஓபன்எம்டிபி'ன்னு ஒரு இலவச ஆப் இருக்கு, அதைப் போடுங்க. ஐபோனை விண்டோஸ்ல போட்டு, பாதி போட்டோவோட காப்பி நின்னுபோனா, போன் செட்டிங்ஸ்ல 'போட்டோஸ்' போய், கடைசியில 'கீப் ஒரிஜினல்ஸ்' தேர்வு பண்ணுங்க. போன் ஒவ்வொரு படத்தையும் ஃபார்மட் மாத்திக்கிட்டே கொடுக்க முயற்சி பண்றதாலதான் அந்தத் தடங்கல் வருது.

கடலோரத்து வீடுகளுக்குன்னே ஒரு தொல்லை இருக்கு, உப்புக்காத்து. சார்ஜிங் பின் துரு பிடிச்சு, சார்ஜ் ஏறினாலும் டேட்டா போகாது. அப்போ கேபிளை மறந்துடுங்க. 'லோக்கல்சென்ட்'னு ஒரு திறமூல ஆப், ஆண்ட்ராய்டு 5-லேருந்து ஓடும். விண்டோஸ் 10, மேக், லினக்ஸ், ஐபோன் எல்லாத்துக்கும் உண்டு. ஒரு போன்ல ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணி ரெண்டையும் அதுல சேர்த்தா போதும், இன்டர்நெட் டேட்டா செலவாகாது. அதைவிடப் பழைய போன்னா, மெமரி கார்டைக் கழட்டி கார்டு ரீடர்ல போடுறதுதான் சுலபம். ஆனா, ஆண்ட்ராய்டு 6-க்கு அப்புறம் சில போன்ல கார்டை 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆக்கி வெச்சிருப்பீங்க. அந்த கார்டு பூட்டினதுக்குச் சமம், வேற எங்கேயும் திறக்காது. "ஃபார்மட் பண்ணவா?"ன்னு கம்ப்யூட்டர் கேட்கும். வேண்டாம்னு சொல்லிட்டு, போன்லயே திருப்பிப் போட்டு எடுங்க.

டிஸ்பிளே உடைஞ்சு டச் மட்டும் வேலை செய்யலையா? ஓடிஜி அடாப்டர்ல ஒரு சாதாரண மவுஸை மாட்டினா, போன்ல அம்புக்குறி வரும். அதை வெச்சே பேட்டர்ன் போட்டுத் திறந்துடலாம். அப்புறம் மவுஸை எடுத்துட்டு, லாக் விழுறதுக்குள்ள கேபிளை மாட்டணும். பேட்டரி உப்பியிருந்தா மட்டும் இந்த வித்தை எதுவும் வேண்டாம், சார்ஜும் போடாதீங்க. நம்பகமான கடையில பேட்டரியை மாத்தினதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

காப்பி பண்ணும்போது 'கட்' பண்ணாதீங்க, 'காப்பி' மட்டும். எம்டிபியில நடுவுல நின்னா எது போச்சு, எது வந்துச்சுன்னு தெரியாது. மூவாயிரம் போட்டோவை ஒரேடியா இழுக்காம, இருநூறு இருநூறா எடுங்க. டீ குடிச்சுக்கிட்டே பண்ற வேலைதான்.

எல்லாரும் கேலரியை எடுத்துட்டு நிறுத்திடுறாங்க. நிறுத்தாதீங்க. ஆண்ட்ராய்டு 10 வரைக்கும் மெமரியோட முதல் பக்கத்துலயே 'வாட்ஸ்அப்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். ஆண்ட்ராய்டு 11-லேருந்து அது 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள்ள 'மீடியா'வுக்குள்ள போயிடுச்சு. மொத்த ஃபோல்டரையும் எடுத்துக்கோங்க. அதுக்குள்ள 'வாய்ஸ் நோட்ஸ்'னு ஒண்ணு, வாரம் வாரமா பிரிஞ்சு கிடக்கும். "ஏலே, ரயில் மண்டபம் தாண்டிருச்சா? சாப்பாடு வெச்சிருக்கேன்"ங்கிற மாதிரி பத்து செகண்ட் குரல்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். சேர்ந்து எடுத்த போட்டோ எங்கேயாவது இன்னொரு சொந்தக்காரர் போன்ல கிடைச்சிடும், உங்களுக்குன்னு அனுப்பின குரல் வேற எங்கேயும் கிடைக்காது. லேப்டாப்ல டபுள் கிளிக் பண்ணினா திறக்கலைன்னு பதறாதீங்க, அது 'ஓபஸ்' ஃபைல். விஎல்சி பிளேயர்ல பாடும்.

கடைக்குக் கொடுக்கிறதோ, விக்கிறதோ, ரீசெட் பண்றதோ, ரெண்டு இடத்துல காப்பி வெச்சு, பழைய வீடியோ நாலைஞ்சு ஓடவிட்டுப் பார்த்ததுக்கு அப்புறம்தான். ரீசெட்டுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல போய் கூகுள் அக்கவுன்டை எடுத்துடுங்க. இல்லைன்னா அடுத்து வாங்குறவர் அந்த போனை ஆன் பண்ணி உங்க பாஸ்வேர்டு கேட்டு நிப்பார்.