‘கோவிந்தா’ சத்தம் காதுக்கு வந்துடுச்சு... படம் மட்டும் ஏன் லேட்?

சித்திரை பௌர்ணமி அதிகாலை. மதுரை ஆழ்வார்புரம் பக்கம், வைகைக் கரையில் இருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். முட்டிவலி காரணமாகக் கூட்டத்துக்குள் போக முடியாத பாட்டி, குளித்து முடித்து டி.வி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆற்றுப் பக்கமிருந்து ‘கோவிந்தா’ என்ற முழக்கம் ஜன்னல் வழியாகக் கேட்கிறது. டி.வியில் கள்ளழகர் இன்னும் கரையில்தான் நிற்கிறார். சில விநாடிகள் கழித்து டி.வியிலும் ‘கோவிந்தா’. பேரன் மொபைலில் ஓடும் யூடியூப் லைவில் அழகர் ஆற்றில் இறங்க இன்னும் அரை நிமிடம்கூட ஆகலாம்.

ஒரே அழகர், மூன்று நேரங்களில் இறங்குகிறார். இதற்கு நடுவில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோனால் கேட்கவே வேண்டாம். “ஏப்பா, வருசம் பூராம் நல்லா ஓடிட்டு, அழகர் இறங்குறப்பதான் நிக்கணுமா?” என்று கேபிள்காரருக்கு போன் போகும். “பாட்டி, எங்க லைன்ல ஒண்ணுமில்ல, மேலயிருந்தே அப்படித்தான் வருது” என்று அவர் சொல்வார். அந்த ‘மேலே’ எங்கே இருக்கிறது?

ஆற்றங்கரையில் நிற்கும் கேமராவுக்கும் பாட்டி வீட்டு டி.விக்கும் இடையே அரை கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால், படம் வந்த வழி அதுவல்ல. கரையோரம் நிற்கும் சேட்டிலைட் வேன், படத்தை மேலே அனுப்புகிறது. பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கி.மீ உயரத்தில் நிலையாக நிற்பது போலத் தெரியும் செயற்கைக்கோள், அதைச் சென்னையில் உள்ள சேனல் நிலையத்துக்கு இறக்குகிறது. அங்கே வர்ணனை, லோகோ, கீழே ஓடும் எழுத்து எல்லாம் சேர்த்து மறுபடி மேலே அனுப்புகிறார்கள். அதை டி.டி.ஹெச் நிறுவனத்தின் நிலையம் இறக்கி, நூற்றுக்கணக்கான சேனல்களோடு சேர்த்துச் சுருக்கி, மூன்றாவது முறையாக மேலே ஏற்றுகிறது. அது வீட்டு டிஷ்ஷில் வந்து விழுகிறது. ஒரு ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து 72,000 கி.மீ. மூன்று சுற்றுக்கு 2,16,000 கி.மீ. நிலாவுக்குப் போகும் தூரத்தில் பாதிக்கு மேல்! கேபிள் இணைப்பு என்றால் கடைசிச் சுற்று கிடையாது. சேனலின் இரண்டாவது இறக்கத்தைக் கேபிள் கன்ட்ரோல் ரூமின் பெரிய டிஷ் வாங்கி, ஃபைபரில் தெருவுக்கு அனுப்பிவிடும்.

இவ்வளவு தூரம் போய் வந்தாலும் அதற்காகும் நேரம் ஒரு சுற்றுக்குக் கால் விநாடிதான். மிச்ச தாமதமெல்லாம் படத்தைச் சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் ஆகிற நேரம்.

முன்பு இவ்வளவு சுற்று இல்லை. கொடைக்கானல் மலை மேல் இருந்த தூர்தர்ஷன் கோபுரத்தை நோக்கி மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பினால் படம் வந்துவிடும். டி.வி அலை கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்தால் அவ்வளவுதான். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்கு மதுரைச் சமவெளி முழுக்க ‘கண்ணுக்குத் தெரியும்’ தூரம். மதுரையில் இன்றைக்கும் கொடைக்கானல் எஃப்.எம் 100.5 கேட்பது அந்த உயரத்தின் புண்ணியத்தில்தான். ராமநாதபுரம், தூத்துக்குடி கடலோரத்தில் உயரமான கம்பம் நட்டு இலங்கையின் ரூபவாஹினி பார்த்தவர்களுக்கு இந்த உயரக் கணக்கு அத்துப்படி.

அந்தக் காலத்து சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், நிழல் ஆடும். ஆனாலும், ‘அந்தா தெரியுறாருல்ல’ என்று அனுமானமாகப் பார்த்துவிடலாம். டிஜிட்டலில் அந்த இரக்கம் கிடையாது. வந்தால் கண்ணாடி மாதிரி வரும், இல்லாவிட்டால் ‘நோ சிக்னல்’. ஏன் இப்படி?

மளிகைக் கடைக்கு போனில் லிஸ்ட் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாமானும் எத்தனை கிலோ என்று சொல்லிவிட்டு, ‘மொத்தம் 12 கிலோ வரணும்ணே’ என்றும் சொல்கிறீர்கள். நடுவில் பருப்பு எத்தனை கிலோ என்பது மட்டும் காதில் விழவில்லை என்றால், மொத்தத்திலிருந்து கழித்துக் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். மூன்று சாமான் கேட்காவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. டிஜிட்டல் சிக்னலிலும் இப்படிக் கூடுதல் கணக்கு சேர்த்தே அனுப்புகிறார்கள். கொஞ்சம் சிதைந்தால் செட்டாப் பாக்ஸே சரிசெய்துகொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. எல்லை தாண்டினால் மொத்தமாகக் கவிழ்ந்துவிடும். நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று திடீரென்று நின்றதாகத் தோன்றுவது இதனால்தான். உண்மையில் பல நாளாகவே விளிம்பில் நின்றிருக்கும்.

கட்டம் கட்டமாக உடைவதற்கு வேறொரு காரணம். எல்லாப் படத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. ஒரு முழுப் படம், பிறகு அதில் எது மாறியதோ அது மட்டும், இப்படித்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். முழுப் படம் கெட்டால், அடுத்த முழுப் படம் வரும்வரை அதன் மேல் ஒட்டப்படும் மாற்றங்களும் கோணல்தான். செய்தி வாசிப்பவரின் முகத்தில் உதடும் கண்ணும் மட்டுமே மாறும், வேலை சுலபம். ஆற்றில் லட்சக்கணக்கான தலைகள், தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சும் பக்தர்கள், ஆடும் கொடிகள் என்றால் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. அதற்குத் தேவையான அளவு இடத்தைச் சேனலுக்கு ஒதுக்காவிட்டால் வீட்டில் சிக்னல் முழுசாக இருந்தாலும் படம் கலங்கும். ஆக, கேபிள்காரர் ‘மேலயிருந்தே’ என்று சொல்வது சில சமயம் உண்மைதான். எல்லாச் சமயமும் அல்ல!

மழைக்கும் டிஷ்ஷுக்கும் என்ன பகை?

வீட்டு டிஷ் வாங்கும் ‘கே.யு பேண்ட்’ அலையின் நீளம் சுமார் இரண்டரை செ.மீ. பெரிய மழைத்துளி ஒன்று அரை செ.மீ வரை இருக்கும். இரண்டும் அளவில் நெருங்கி வருவதால் கனமழை அந்த அலையை உறிஞ்சும், சிதறடிக்கும். கேபிள் கன்ட்ரோல் ரூம்கள் பெரும்பாலும் வாங்கும் ‘சி பேண்ட்’ அலை ஏழெட்டு செ.மீ நீளம். துளி அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. மழையில் பக்கத்து வீட்டுக் கேபிள் ஓட, நம் வீட்டு டி.டி.ஹெச் நிற்பதன் ரகசியம் இது.

மதுரைக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கிறது. டி.டி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. மதுரையில் இருந்து பார்த்தால் தென்கிழக்கே, தரையில் இருந்து சுமார் 69 டிகிரி உயரம். அலை மழைக்குள் சாய்வாக நெடுந்தூரம் வர வேண்டியதில்லை. இருந்தும் ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடிமழை கொட்டும்போது அரை மணி நேரம் படம் போகத்தான் செய்கிறது.

சீரியல் போனால் போகட்டும். வைகையில் தண்ணீர் திறக்கிறார்களா, நாளைக்குப் பள்ளி விடுமுறையா என்று தெரிந்தாக வேண்டிய அதே நேரத்தில்தான் டிஷ் கைவிடுகிறது என்பதுதான் சங்கடம். எஃப்.எம் அலை மூன்று மீட்டர் நீளம், மழையை அது சட்டை செய்வதே இல்லை. பேட்டரி ரேடியோ ஒன்று பரணில் கிடந்தால் கீழே இறக்கி வைக்கலாம்.

மழையில்லாமலே ஒரு முறை பெரிய அளவில் படம் போனது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகட்டு மின்சாரத்தில் கோளாறு ஏற்பட, அதன் 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் பாதிக்கப்பட்டு, 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3 செயற்கைக்கோளின் உதவியை நாடியது. வானத்தில் இரண்டு டிகிரி தள்ளிப் போனதற்கு, மொட்டைமாடியில் டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது. 60 செ.மீ டிஷ்ஷில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் ஒரே ஒரு செ.மீ அசைவு! இன்சாட்-4பியின் இடத்தை நிரப்பத்தான் 2015 நவம்பரில் ஜிசாட்-15 ஏவப்பட்டது.

அந்த ஒரு செ.மீ அசைவை ஆடிக்காற்று சுலபமாகச் செய்துவிடும். நட்டு தளர்ந்த டிஷ், துணி காயப்போடும் கயிறு கட்டிய டிஷ், காக்கா உட்காரும் டிஷ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், ஒரே நேரத்தில் சில நிமிடம் மட்டும் படம் கலங்கினால் அது சூரியன் வேலை. செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து, தன் இரைச்சலையும் டிஷ்ஷுக்குள் கொட்டுகிறது. ஜிசாட்-15 பக்கம் திரும்பிய மதுரை டிஷ்களுக்கு இது முற்பகல் 11 மணியை ஒட்டி வரும். யாரையும் கூப்பிட வேண்டாம்.

எல்லா சேனலுமா, சில சேனலா?

கேபிளில் படம் உடையும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான். எல்லாமே போனால் தெருவில் இருக்கும் நோடு, அதற்கான கரன்ட், அறுந்த ஒயர். தெருவில் பவர் கட் என்றால், நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து பயனில்லை. ஆம்ப்ளிஃபையருக்கும் கரன்ட் வேண்டும். சில சேனல்கள் மட்டும் எப்போதும் உடைந்தால் பெரும்பாலும் கனெக்டர் பிரச்னை. ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் கூட்டமாக வருகின்றன. கேபிள் ஒயருக்குள் ஓடும் அலைவரிசைகளில் சில, வெளியே மொபைல் டவர்களும் பயன்படுத்துபவை. ஒயர் முழுசாக இருந்தால் உள்ளே நுழையாது. கனெக்டர் தளர்ந்தாலோ, மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்தாலோ மொபைல் சிக்னல் உள்ளே புகுந்து, அந்த ஒரு கூட்டத்தை மட்டும் கெடுக்கும்.

ஒரே ஒரு சேனல் மட்டும் ஊர் முழுக்க உடைந்தால், கேபிள்காரர் சொன்ன ‘மேலே’தான்.

“பாக்ஸ் போயிருச்சு, மாத்தணும்” என்று யாராவது சொன்னால், பணம் எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்கள். பாக்ஸின் மெனுவில் ‘சிக்னல்’ பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் நிறைய இருந்து குவாலிட்டி குறைவாக இருந்தால் வருவது வெறும் இரைச்சல். குறை பெரும்பாலும் ஒயரிலோ டிஷ்ஷிலோதான். அடுத்து, அதே ஒயரைப் பக்கத்து வீட்டு பாக்ஸில் மாட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே ஆபரேட்டரின் பாக்ஸாக இருந்தால். அதிலும் உடைந்தால் பாக்ஸ் மேல் தப்பில்லை.

பாட்டி வீட்டில் அப்படித்தான் முடியும். டி.விக்குப் பின்னால் கைவிட்டு, பச்சை பிடித்த கனெக்டரை நறுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திருகுவார் கேபிள்காரர். “இப்ப பாருங்க பாட்டி.” அழகர் அதற்குள் ராமராயர் மண்டபம் போயிருப்பார்.